வீட்டு பாருக்குப் பழைய மரச்சாமான்: நெல்லை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பழைய மரச்சாமான்களைத் தேடி வாங்கிச் செப்பனிட்டு வருகிறேன். வீட்டில் நண்பர்களை உட்காரவைத்துப் பானம் பரிமாற ஒரு மூலை வேண்டும், அதைப் பழைய சாமான்களைக் கொண்டே அமைக்க வேண்டும் என்று சில ஆண்டுகளாகப் பலர் வந்து கேட்கிறார்கள். சிலருக்கு அது மது வைக்கும் இடம், சிலருக்கு நன்னாரி சர்பத்தும் காபியும் கொடுக்கும் இடம். இரண்டுக்கும் வேண்டிய மரச்சாமான் ஒன்றுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நெல்லைப் பக்கம் பழைய 'பார்' அலமாரி என்று உண்மையிலேயே கிடைக்குமா?

அதற்கென்றே செய்தது கிடைப்பது மிக அரிது. காரணம் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே கண்ணாடியும் குவளைத் தட்டும் தெரியும் காக்டெயில் அலமாரிகள் 1920களிலும் 1930களிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவின. அந்த நாகரிகம் இங்கே வந்து சேர வேண்டிய காலத்தில், 1937இல், சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்து 1971 வரை நீடித்தது. ஒரு தலைமுறைக் காலம் எந்தத் தச்சரிடமும் யாரும் மது அலமாரி செய்யச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே "திருநெல்வேலி வீட்டில் இருந்த 1950ஆம் ஆண்டு பார் அலமாரி" என்று ஒருவர் காட்டினால், எங்கிருந்து வந்தது என்று இரண்டு முறை கேளுங்கள்.

நம்மிடம் உள்ளது வேறு வகைச் செல்வம். சாப்பாட்டு அறையில் பாத்திரம் வைத்த நீள அலமாரி, பால் தயிர் வைத்த வலை அலமாரி, மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவு அலமாரி, ஜவுளிக்கடையில் துணி விரித்த நீள மேசை, சாய்வு மூடி போட்ட கல்லாப்பெட்டி, கோலி சோடா அடுக்கிய மரப்பெட்டி. இவை ஒவ்வொன்றும் புட்டியையும் குவளையையும் அழகாக ஏற்கும். வேறு வேலைக்குப் பிறந்த நல்ல பொருளை வாங்கி, அதை வெட்டாமல் துளைக்காமல் புதிய வேலைக்குப் பழக்குங்கள். என்னிடம் வருகிற எல்லோரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

ஆண்டிக், விண்டேஜ் இரண்டும் ஒன்றா?

இல்லை. 100 ஆண்டு கடந்ததை ஆண்டிக் என்பது வியாபார வழக்கம். அதற்குக் கீழே, ஆனால் ஒரு காலத்தின் பாணியைத் தெளிவாகக் காட்டுவது விண்டேஜ். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் பொதுவாக 100 ஆண்டையே எல்லையாக வைக்கிறது. அப்படிப்பட்ட பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனுக்கு வாங்கி அனுப்ப நினைப்பவர்கள் முதலிலேயே இதை மனத்தில் கொள்ளுங்கள்.

வீட்டு உபயோகத்துக்கு என் கருத்தைக் கேட்டால் 1930 முதல் 1970 வரையிலான தேக்குச் சாமான்களே மிகவும் ஏற்றவை. உறுதி இருக்கும், அளவு இன்றைய அறைக்குப் பொருந்தும், தினம் புழங்கலாம்.

பொருள் உண்மையிலேயே பழசா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்கு நான் ஒரு முறை பணம் கொடுத்துப் பாடம் கற்றேன். தொடக்க காலத்தில், வெளியூர்க் கடை ஒன்றில், மேலே கொடி வேலைப்பாடு போட்ட ஒரு கண்ணாடி அலமாரியை "90 வருஷத்துச் சாமான்" என்ற வார்த்தையை நம்பி வாங்கினேன். வீட்டில் இறக்கிவைத்த அன்று வயதான ஆசாரி ஒருவர் வந்தார். முன்பக்கத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, முதலில் சுவரிலிருந்து இழுத்துப் போடுங்கள். முதுகைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்போம்" என்றார். முதுகு முழுக்க பிளைவுட். டார்ச்சை வாங்கிக்கொண்டு கீழே படுத்தார். அடித்தட்டைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களின் தலையில் பெருக்கல் குறி. அந்த வகை ஸ்க்ரூ 1930களுக்கு முன் புழக்கத்தில் இல்லை. விரல் நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டினார். கரும்பழுப்பு நிறம் மெழுகு போல் நகத்தோடு வந்தது. கீழே மரம் வெளேரென்று இருந்தது. கதவு இரண்டும் மட்டும் பழசு. மற்றதெல்லாம் அந்தக் கதவுகளுக்காகப் புதிதாகக் கட்டிய கூடு.

அவர் அன்று காட்டியவற்றையும் பிறகு நானே கண்டுகொண்டவற்றையும் சொல்கிறேன். இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். பல பத்தாண்டுகள் இழுத்து மூடியதென்றால் அதன் கீழ் விளிம்பு தேய்ந்து வழுவழுப்பாகி, முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் சற்று மெலிந்திருக்கும். மூலைகளில் பலகைகள் புறாவின் வால் போல விரிந்த பற்களால் ஒன்றையொன்று கவ்வியிருக்கும். கையால் வெட்டிய பற்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. தச்சர் உளி வைக்கக் கீறிய கோடும் பெரும்பாலும் தெரியும். இயந்திரம் வெட்டியது அச்சடித்தது போல ஒழுங்காக இருக்கும். மறைவான பலகையில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் இழைப்புளி போன தடம் மெல்லிய அலையாகத் தட்டுப்படும். ஸ்க்ரூவின் நுனி கூராக இல்லாமல் மொட்டையாக இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தையதாக இருக்கலாம். அப்படி ஒன்று என் கையில் இதுவரை ஒரே முறைதான் அகப்பட்டது.

வட்ட மேசை என்றால் ஓர் அளவு நாடா போதும். மரம் நீளவாக்கில் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம், குறுக்குவாக்கில் சுருங்கும். ஆகவே பழைய வட்டப் பலகையை இரண்டு பக்கமும் அளந்தால் ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கும். எல்லாப் பக்கமும் கச்சிதமான வட்டம் என்றால் மரம் இன்னும் தன் வயதை அடையவில்லை.

தேய்மானம் கை படும் இடத்தில் இருக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றி, கதவின் விளிம்பில், நாற்காலியின் கைத்தாங்கலில், கால் வைக்கும் குறுக்குச் சட்டத்தில். யாருடைய கையும் எட்டாத இடத்தில் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை.

எந்த மரம் நல்லது? எல்லோரும் 'பர்மா தேக்கு' என்கிறார்களே?

பர்மா தேக்கு என்பதால் மட்டும் பொருள் பழசாகிவிடாது. மியான்மர் அரசு 2014இல் தான் தேக்கு மரத்தை முழுத் தடியாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. அதுவரை வந்துகொண்டேதான் இருந்தது. தேக்கை மூக்காலும் அறியலாம். மறைவான இடத்தில் லேசாகச் சுரண்டினால் பழைய தோல் போன்ற மணம் வரும். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு தட்டும். அந்த இயற்கை எண்ணெய்தான் கரையானையும் ஈரத்தையும் தாங்கவைக்கிறது. பானம் சிந்தும் இடத்துக்குத் தேக்கைவிடப் பொருத்தமான மரம் நம்மிடம் இல்லை.

ஈட்டி மரம் கருஞ்சிவப்பில் கோடோடி அரசனைப் போல இருக்கும். தேக்கைவிடத் தெளிவாகக் கனம் கூடியது. நம் மலைகளின் மரம். அதன் இனம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வேங்கை நல்ல உறுதி. ஆனால் நனைந்தால் பழுப்புச் சாயம் இறங்கும். வெள்ளைத் துணி விரிக்கும் இடத்தில் அதைப் போட வேண்டாம். பூவரசும் வாகையும் கிராமத்து வீடுகளில் நிறைய உண்டு. இவற்றை நாட்டு மரம் என்று குறைத்துப் பேசுகிறார்கள். நன்கு வயதான பூவரசுப் பலகையின் சாக்லேட் நிறத்தை ஒரு முறை வெயிலில் வைத்துப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். விலையும் கைக்கு அடங்கும்.

மாமரம் மட்டும் வேண்டாம். வண்டுக்குப் பிடித்த மரம் அது.

சிறு சிறு துளைகள் இருக்கின்றன. வாங்கலாமா?

துளை பழையதா, உள்ளே இன்னும் பூச்சி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பொருளுக்கு அடியில் கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் அசைக்காமல் விடுங்கள். மாவு போல வெளிர்த்தூள் கொட்டியிருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. கசகசா போன்ற சிறு உருண்டைகள் கொட்டியிருந்தால் உலர்மரக் கரையான். எதுவும் இல்லை, துளையின் வாய் கறுத்திருக்கிறது என்றால் அது பழைய புண், பயமில்லை.

கட்டைவிரலால் அழுத்துங்கள், காலின் அடியைத் தட்டிக் கேளுங்கள். உள்ளே உளுத்த மரம் மண்பானையில் தட்டியது போல் பொத்தென்று ஒலிக்கும். உயிருள்ள பூச்சிக்குப் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலைப் பாலிஷ் இல்லாத உள்பக்கங்களில் பூசுவது நல்ல வழி. மண்ணெண்ணெய் பூசாதீர்கள். அந்த வாடை மாதக்கணக்கில் போகாது. குவளை கவிழ்த்து வைக்கும் தட்டில் அது இருக்கவே கூடாது. எங்கள் தாத்தா காலத்தில் அலமாரியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கல் கிண்ணங்களில் நிறுத்துவார்கள். எறும்பு ஏறாமல் இருக்க இன்றும் அதைவிட எளிய வழி இல்லை. கொசு வராமல் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், காலின் நுனி நனையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பாலிஷை அப்படியே விடலாமா, புதிதாகப் போட வேண்டுமா?

வீட்டு பாருக்குச் சாமான் தேடுகிறவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய நல்ல சாமான்களில் பெரும்பாலும் இருப்பது அரக்கு பாலிஷ். அரக்குப் பூச்சியின் சுரப்பை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை வைத்துக் கட்டிய துணிப் பொட்டலத்தால் பத்து இருபது முறை தேய்த்து ஏற்றுவது. அதன் ஆழமான மினுமினுப்பு வேறு எதிலும் வராது. ஆனால் ஸ்பிரிட்டில் கரைந்து ஏறியது ஸ்பிரிட்டிலேயே கரையும். விஸ்கியோ ரம்மோ சிந்தி நின்றால் பாலிஷ் இளகிப் பிசுபிசுக்கும். தண்ணீர் பட்டால் வெண்மையாகப் பூக்கும்.

ஓர் ஐப்பசி மாலை. வீட்டில் என் சித்தப்பா வந்திருந்தார். ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாற்றை நீள அலமாரியின் மேல் வைத்துவிட்டு மழையைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்துவிட்டோம். குவளையை எடுத்தபோது பால் ஊற்றியது போல வட்டமாக ஒரு வெள்ளைத் தடம். மறுநாள் அதே ஆசாரி வந்தார். வெள்ளைப் பருத்தித் துணியில் பஞ்சைச் சுருட்டி, இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டு, உள்ளங்கையில் ஒற்றி ஈரத்தைப் போக்கினார். பிறகு பறவை தரையைத் தொட்டு மேலெழும்புவது போல அந்தத் தடத்தின் மேல் ஒரே வீச்சு. காத்திருந்தார். மீண்டும் ஒரு வீச்சு. ஏழெட்டு முறையில் வெள்ளை மங்கி மரம் திரும்பி வந்தது. ஒரு நொடி கையை நிறுத்தியிருந்தால் துணி ஒட்டிக்கொண்டு பாலிஷ் உரிந்திருக்கும். பழகாதவர்கள் இதை முயல வேண்டாம்.

உங்கள் பொருளில் எந்தப் பாலிஷ் என்று அறிய, பின்பக்கம் ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. அதை முழுக்கச் சுரண்டிவிட்டு மெலமைன் என்னும் செயற்கைப் பாலிஷ் அடிக்கும்படி பலர் சொல்வார்கள். நான் அதற்கு எதிரானவன். பக்கங்களிலும் கதவுகளிலும் பழைய அரக்கைக் காப்பாற்றுங்கள், ஆண்டுக்கொரு முறை தேன்மெழுகு தேயுங்கள். பானம் ஊற்றும் மேற்பரப்புக்கு மட்டும் தனிக் காப்பு கொடுங்கள்.

மேற்பரப்புக்கு என்ன காப்பு? கல் போடலாமா?

எளியது, விளிம்பு மழுக்கிய கண்ணாடிப் பலகை. மரத்தோடு ஒட்டாமல் இருக்க மூலைகளில் சிறு ரப்பர் பொட்டு வையுங்கள்; இல்லையென்றால் ஈரம் அடியில் சிக்கிக்கொள்ளும். பளிங்குக்கல் பதித்த பழைய மேசை கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் அதன்மேல் எலுமிச்சை நறுக்காதீர்கள். பளிங்கும் கடப்பைக்கல்லும் சுண்ணாம்பு இனத்தவை. புளிப்புப் பட்ட இடம் அரித்து மங்கிவிடும். கிரானைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, கனம்தான் அதிகம்.

குவளைக்கு அடியில் வைக்கப் பனையோலையில் முடைந்த சிறு தட்டுகளைத் தைத்து வாங்கிக்கொள்ளுங்கள். வேர்த்து வடியும் நீரை ஓலை ஏற்றுக்கொள்ளும். பத்தமடைக் கோரைப்பாயில் வெட்டி எஞ்சிய துண்டுகளும் அலமாரித் தட்டில் விரிக்க அருமையானவை.

அளவு எப்படிப் பார்ப்பது?

வாங்கப் போகும்போது கையில் ஒரு காலிப் புட்டியைக் கொண்டுபோங்கள். 750 மில்லி புட்டி ஏறக்குறைய ஓர் அடி உயரம் இருக்கும், சில வகை அதற்கும் கூடுதல். தட்டுக்கும் தட்டுக்கும் 14 அங்குல இடைவெளி இருந்தால் கவலையில்லை. வலை அலமாரிகளில் பெரும்பாலும் 10, 12 அங்குலம்தான் வரும். அவற்றைக் குவளைக்கும் தட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த கண்ணாடிப் புட்டி ஒன்று ஒன்றேகால் கிலோ வரை எடை வரும். 20 புட்டி என்றால் 25 கிலோ. துணி மடித்து வைத்த மெல்லிய தட்டு அதைத் தாங்குமா என்று நடுவில் கையை ஊன்றி அழுத்திப் பாருங்கள்.

நின்றபடி சாயும் மேசை 40 முதல் 42 அங்குல உயரம் இருக்கும். அதற்கு 28 முதல் 30 அங்குல முக்காலி வேண்டும். பழைய கடை மேசைகள் பல 30 முதல் 36 அங்குலத்துக்குள் இருக்கும். உயரமான முக்காலியை வாங்கிவிட்டு மேசையைத் தேடாதீர்கள். மேசை முதலில், முக்காலி பிறகு. இருக்கைக்கும் மேற்பரப்புக்கும் இடையே 10 முதல் 12 அங்குலம் இருந்தால் முட்டி இடிக்காது.

உயரம் போதவில்லை, காலை அறுக்கலாமா? குளிர்பெட்டி வைக்க முதுகை வெட்டலாமா?

கூடாது. உயரம் குறைவென்றால் அடியில் தனிப் பீடம் செய்து அதன்மேல் நிறுத்துங்கள். மின்கம்பி போக வேண்டுமென்றால் முதுகுப் பலகைகளில் ஒன்றை ஆணி கழற்றி எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் புதுப் பலகை போட்டுத் துளையுங்கள். புட்டி படுக்கவைக்கும் சட்டத்தையும் குவளை தொங்கும் கம்பியையும் தனியாகச் செய்து உள்ளே நுழைத்து வையுங்கள். எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்க முடிய வேண்டும். இந்த அலமாரிகளைச் செய்த தச்சர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் கைவேலை மட்டுமே மிச்சம். அதன்மேல் ரம்பம் வைப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்காது.

பிரம்பு நாற்காலிகள் தொய்ந்திருந்தால்?

பிரம்பு அறுபடாமல் தொய்வு மட்டும் என்றால் நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, நிழலில் காயவிடுங்கள். காயும்போது இறுகும். அறுந்திருந்தால் பின்னும் ஆளிடம் போக வேண்டும். நைலான் நாடா போட்டுத் தரச் சம்மதிக்காதீர்கள். நீளக் கை உள்ள எஸ்டேட் நாற்காலி ஒன்று இருந்தால் அந்த மூலைக்கே தனிக் களை வந்துவிடும்.

பழைய கண்ணாடிக் குடுவைகளிலும் பித்தளைக் குவளைகளிலும் பானம் வைக்கலாமா?

கனமான, சுண்டினால் மணி போல ஒலிக்கும் பழைய வெட்டுக் கண்ணாடிக் குடுவைகளில் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். நாள்கணக்கில் அதில் மதுவோ பழச்சாறோ ஊற்றி வைத்தால் காரீயம் பானத்தில் இறங்கும். பரிமாறும் நேரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள், மிச்சத்தைப் புட்டிக்குத் திருப்புங்கள். பித்தளைக் குவளைக்கு உள்ளே வெள்ளீயம் பூசியிருந்தாலொழியப் புளிப்பு எதையும் ஊற்ற வேண்டாம்.

அலமாரியின் பித்தளைக் கைப்பிடியைப் புளி போட்டுத் துலக்க நினைத்தால் கழற்றி எடுத்துத் துலக்குங்கள். புளிக்கரைசல் மரத்தில் வழிந்தால் கறை போகாது. காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு.

எங்கே தேடுவது? விலை நியாயமா என்று எப்படி அறிவது?

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளும் கொச்சி மட்டாஞ்சேரியும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரிவு அதிகம், விலையும் அதிகம். நம் பக்கம் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், தென்காசி வட்டாரங்களில் பழைய வீடு இடிக்கும் சேதி காதில் விழுந்தால் நேரில் போங்கள். கதவு நிலையையும் உத்திரத்தையும் எடுக்க வரும் பழைய மரக்கடைக்காரர்கள் அலமாரிகளை அவ்வளவாக மதிப்பதில்லை. பல சமயம் மர விலைக்கே கிடைக்கும். விற்கும் வீட்டார் மனம் நோகப் பேரம் பேசாதீர்கள். அது அவர்கள் ஆச்சி கையாண்ட பொருள்.

விலைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். 6 அடி நீளம், 1 அடி அகலம், 1 அங்குலக் கனம் உள்ள பலகை அரைக் கன அடி. இப்படிப் பலகைகளை எண்ணிக் கூட்டி, அன்றைய தேக்கு விலையால் பெருக்குங்கள். அதோடு ஆசாரி கூலியைச் சேருங்கள். கேட்கும் விலை அதற்கு அருகில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். பல மடங்கு என்றால் அந்தக் கூடுதலுக்கு எது காரணம் என்று விற்பவர் அலமாரியின் முதுகைத் திருப்பிக் காட்டி விளக்கட்டும்.

வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சங்கடம் வருமே?

பூட்டும் மரக்கதவும் உள்ள அலமாரியைத் தேர்ந்தெடுங்கள்; கண்ணாடிக் கதவு வேண்டாம். சீமையிலும் இந்தத் தேவை இருந்தது. குடுவைகள் கண்ணுக்குத் தெரிய, சாவியில்லாமல் எடுக்க முடியாத டாண்டலஸ் என்னும் தாங்கிக்கு 1881இல் லண்டனில் காப்புரிமை பெற்றார்கள். பழைய பூட்டு வேலை செய்யாவிட்டால் கழற்றிப் பூட்டுக்காரரிடம் கொடுங்கள். பெரும்பாலும் வில் ஒன்றுதான் ஒடிந்திருக்கும். தமிழ்நாட்டில் வீட்டில் எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுக்கவும் கூடாது. அலமாரி பெரிது என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை. மேல்தட்டில் சர்பத் புட்டிகளையும் நல்ல குவளைகளையும் வைத்தால் அது வீட்டார் எல்லோருக்கும் உரிய இடமாகிவிடும்.

வீட்டில் எந்த இடத்தில் வைப்பது?

மேற்குச் சுவர் வேண்டாம். நம் ஊர்ச் சித்திரை வெயில் அந்தச் சுவரில் இரவு வரை நிற்கும். ஒயின் கெடும், பழைய பலகை வெடிக்கும். ஏசி காற்று நேரே படும் இடமும் ஆகாது. சுவரை விட்டு நான்கு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள். குற்றாலச் சாரல் எட்டும் ஊர்களில் ஆனி, ஆடியில் கதவு இறுகும். அதற்காக உடனே இழைத்துவிடாதீர்கள். புரட்டாசியில் தானே சரியாகும்.

வாங்கியதை எப்படிக் கொண்டுவருவது?

இழுப்பறைகளையும் கண்ணாடிகளையும் கழற்றித் தனியாக ஏற்றுங்கள். கதவைக் கயிற்றால் கட்டாமல் பருத்திப் புடவையால் கட்டுங்கள்; கயிறு பாலிஷைத் தின்னும். தூக்கும்போது மேல் விளிம்பைப் பிடிக்கவே கூடாது. பழைய அலமாரிகளில் மேல்பலகை பல சமயம் வெறும் எடையில் உட்கார்ந்திருக்கும், கையோடு வந்துவிடும். அடிச்சட்டத்தைப் பிடித்து நான்கு பேராகத் தூக்குங்கள், தரையில் இழுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரம் ஒன்றும் செய்யாமல் கதவைத் திறந்து வைத்திருங்கள். மரம் புது இடத்தின் காற்றுக்குப் பழகட்டும். அதற்குள் எந்தக் கதவு தாழ்கிறது, எந்தக் கால் ஆடுகிறது என்பது தெரிந்துவிடும். ஆசாரியை அப்போது கூப்பிடுங்கள்.